மரமே போதும்

"மரத்துல இருந்தா காட்டுங்க. தந்தம் வேண்டாம்" என்றாள் ஓகினு, கடைக்குள் கால் வைத்ததுமே.

தோகுஜிக்குச் சுருக்கென்றது. அவர் செதுக்கிய தந்த நெட்சுகேவை, புகையிலைப் பை தொங்கும் அந்தக் குட்டிப் பொம்மையை, இடுப்பில் மாட்டுவதற்காகவே புகையிலை பிடிக்கப் பழகியவர்கள் ஒசாகாவில் உண்டு. இவள் என்னடாவென்றால் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்கிறாள்.

"யாருக்கும்மா?"

"என் மகன் தோமெவுக்கு." கையிலிருந்த புதுப் புகையிலைப் பையைக் காட்டினாள். "பையை நானே தைச்சுட்டேன். கச்சையிலேர்ந்து நழுவாமப் பிடிக்க நெட்சுகேதான் இல்ல. வருஷப் பிறப்புலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தான். 'சம்பாதிச்சு வாங்கிக்கடா'ன்னு நான்தான் வாயை அடைச்சுட்டேன்." பையை நீவிவிட்டாள். "இன்னைக்குச் சாயங்காலம் கிளம்புறான். அதுக்குள்ள வேணும்."

"க்யோத்தோ போற ராப்படகா?"

"எங்க போறான்னு எனக்கென்ன தெரியும்?"

"அதானே, இந்தக் காலத்துப் பசங்க சொல்லிட்டா போறாங்க!" சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்தினார். "மரத்துல மிச்சம் இந்த ஆமை ஒண்ணுதான். முதுகுல கீறல் விட்டிருக்கு. இதைப் போயா பெத்த பிள்ளைக்குக் கொடுப்பே?"

"பரவாயில்ல, கொடுங்க."

மகா கஞ்சம் என்று மனசுக்குள் திட்டினார். ஆனால் அவள் கிமோனோவில் இருந்த ஒட்டுகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு முயலை எடுத்தார்.

"இந்தா, சுத்தத் தந்தம். மரத்தோட விலையே கொடு, போதும். வெளியில மட்டும் சொல்லிடாதே, என் பொழப்பு நாறிடும்."

ஓகினு முயலை வாங்கி அதன் காதைத் தடவிப் பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு திருப்பி வைத்துவிட்டாள்.

"ஆமையே போதுங்க."

தோகுஜிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீம்புக்கும் ஒரு அளவு இருக்கும்மா! மரம் நாலு வருஷத்துல உளுத்துப்போகும். தந்தம்னா உன் பேரன் இடுப்புக்கும் வரும்!"

பேரன் என்றதும் அவள் உடைந்துபோனாள். ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினாள்.

"தந்தம் எரியாதுங்களே... நாளைக்குக் காலையில சாம்பல்ல எலும்பு பொறுக்கும்போது, எது என் பிள்ளை, எது உங்க முயல்னு நான் எப்படிங்க கண்டுபிடிப்பேன்?"