எட்டு ஹெச்.பி. இன்ஜின்

"அதோ, எங்க இன்ஜின்தான்! அவருதான் வராரு!" சகுந்தலா மழையில் நனைந்தபடியே கத்தினாள்.

கோவளம் கரையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மழை கடலை மூடியிருந்ததால் எதிரே ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. இரைந்துகொண்டே வந்து நடுநடுவே தொண்டையைச் செருமுகிற அந்த எட்டு ஹெச்.பி. இன்ஜின், சகுந்தலாவின் புருஷன் கேசவனுடையது. குப்பத்தில் கைக்குழந்தைகூட அதைச் சொல்லும்.

விடியலில் கடல் குளம்போலத்தான் இருந்தது. காற்று திரும்பியதும் போன படகுகள் எல்லாம் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்துவிட்டன. கேசவனும் சவரியும்தான் பாக்கி. ஆளுக்கொரு படகில் தனியாகப் போனவர்கள். மதியத்திலிருந்து அவர்கள் மனைவிமார் இருவரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

இப்போது சகுந்தலா அந்தக் கையை உதறிவிட்டு அலையோரத்துக்கு ஓடினாள். சவரியின் மனைவி ஞானம்மாள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சவரியின் இன்ஜின் போன மாதமே உயிரை விட்டுவிட்டது. பாயையும் துடுப்பையும் நம்பித்தான் அவன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். எந்த இன்ஜின் சத்தமும் அவளுக்காக வரப்போவதில்லை.

"எத்தினி வாட்டி சொன்னேன்!" என்றாள் சகுந்தலா, யாரிடம் என்றில்லாமல். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பெரிய இன்ஜின் போடறேன், ஆழக்கடலுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எட்டு ஹெச்.பி. போதும், கரை தெரியிற தூரத்துல மீன் புடின்னு நான்தான் சண்ட போட்டேன். இப்ப பாத்தீங்களா!"

கேசவன் கடைசியில் வாயை மூடிக்கொண்ட கதை குப்பத்துக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவன் பெண்டாட்டியிடம் ஜெயித்ததில்லை. இன்று காலைகூட, "உனக்கு சளி புடிச்சுக் கீது, நீ கரைக்கு வராத" என்று கரிசனமாகச் சொல்லி, சோற்றுத் தூக்கைத் தானே வாங்கிக்கொண்டு போனான்.

ஞானம்மாள் எழுந்து ஓடிவந்து சகுந்தலாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அண்ணாத்த வந்ததும் ஒரே ஒரு வாட்டி திருப்பி அனுப்புக்கா. அவராண்ட இன்ஜின் கீது, தேடிப் பாத்துட்டு வந்துருவாரு. எங்க வூட்டு மனுசன் துடுப்பு வலிச்சே செத்துருவாருக்கா!"

சகுந்தலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தம் நெருங்க நெருங்க அவள் மனசு கல்லாகிக்கொண்டு வந்தது.

"இன்னா பேசற நீ? பொழச்சு வர மனுசன நானே இந்தக் கடலுக்குத் திருப்பி அனுப்புவனா? காலை வுடு."

"யக்கா, மாதாவா நெனச்சுக் கேக்கறேன்..."

"அனுப்ப மாட்டேன்னா அனுப்ப மாட்டேன். வுடுடி!"

அவள் இடத்தில் இருந்தால் தாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று சுற்றி நின்ற பெண்களுக்குத் தெரியும்.

மழைக்குள்ளிருந்து படகின் முன்பக்கம் தெரிந்தது. ஆண்கள் பாய்ந்து போய் இழுத்தார்கள். படகிலிருந்து குதித்தவன் தடுமாறி அலையில் விழுந்து எழுந்து நின்றான்.

சவரி.

ஞானம்மாள் அலறிக்கொண்டே போய் அவனைக் கட்டிக்கொண்டாள். சகுந்தலா படகுக்குள் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. பின்னால் மாட்டியிருந்தது அவர்கள் வீட்டு இன்ஜின்தான். அதன் மூடியில் கேசவன் பெயின்ட்டால் எழுதிய அவள் பெயர் இருந்தது.

"இது எப்பிடி உன்னாண்ட...?"

"காலைல அண்ணாத்ததான் கழட்டிக் குடுத்தாரு, அண்ணி. 'நான் பதினஞ்சு ஹெச்.பி. போட்டுட்டேன், இத நீ வெச்சுக்கோ, உங்க அண்ணியாண்ட மட்டும் மூச்சு வுடாத'ன்னாரு. இது இல்லன்னா நான் கடலோட போயிருப்பேன்." மூச்சு வாங்கியபடி அவன் கரையைச் சுற்றிப் பார்த்தான். "அண்ணாத்த எங்க? எனக்கு முன்னாடியே வந்திருக்கணுமே?"

சகுந்தலா "தம்பி... சவரி..." என்று கை கூப்பினாள்.

சவரி கடலைப் பார்த்தான். மெல்லத் திரும்பிப் படகின் விளிம்பில் கை வைத்தான்.

ஞானம்மாள் அந்தக் கையைப் பிடித்து எடுத்தாள். சகுந்தலாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"வூட்டுக்கு வாய்யா."