நிழல் நடுத்தெருவுக்கு வரும்வரை

"இன்னிக்கும் வெளிச்சம் சரியில்லம்மா" என்றார் சர்வேயர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. வெளியே சாயங்கால வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

கேமராப் பெண் மறுத்துப் பேசவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி சார், இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இரு, டீ போடறேன்" என்றார் அவர். அதற்காகத்தானே இத்தனை நாடகமும்!

விஷயம் இதுதான். நகராட்சி ஒரு புத்தகம் போடுகிறது. ஊரின் பழைய தெருப் படங்கள் ஒரு பக்கம், அதே இடத்தில் நின்று இப்போது எடுத்த படங்கள் எதிர்ப்பக்கம். அந்த வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவள் இந்தப் பெண். நிற்கிற இடம் கொஞ்சம் தப்பினாலும் படம் பொருந்தாது. தபால் ஆபீஸ் கூரைக்கு மேலே மணிக்கூண்டு அன்றைக்கு எவ்வளவு தெரிந்ததோ, இன்றைக்கும் அவ்வளவுதான் தெரிய வேண்டும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், முதல் நாள் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். "இது உங்க மாடியிலேருந்து எடுத்ததா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் சார். பார்க்கலாமா?"

காலமெல்லாம் நிலம் அளந்து ரிட்டயர் ஆனவர் அவர். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இங்கிருந்து எடுத்ததே இல்லை. எதிர்வரிசையில் நாலு கட்டிடம் தள்ளி இருக்கிற பழைய லாட்ஜின் மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. போதாக்குறைக்குப் படத்தின் ஓரத்தில் இவர் வீட்டு பால்கனிக் கம்பியே எட்டிப் பார்த்தது.

"ஆமாமா, சாட்சாத் இங்கேருந்துதான்!" என்றார், அந்தக் கம்பியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே. உத்தியோகத்தில் ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லாத மனுஷன், வாய் கூசாமல் ஒரு தெருவையே நகர்த்தி வைத்தார். "ஆனா இந்த நிழலைப் பாரு. நடுத்தெரு வரைக்கும் வந்திருக்கு. இப்போ ஓரத்தோட நின்னுடுது. அது வர்ற வரைக்கும் பொறுக்கணும்."

பாவம், என்ன செய்வார்? மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் வாய் திறந்து சத்தம் போட்டது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். மகன் போன் செய்தால், "சாப்டீங்களாப்பா, சரி வச்சிடறேன்" என்பதோடு சரி. இந்தப் பெண்ணோ அவர் சொன்ன அளவைக் கதைகளையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு சுவருக்காகக் கட்டிப் புரண்ட கதைக்குப் புரை ஏறும்வரை சிரித்தாள்.

அவளும் ஒன்றும் அவசரப்பட்டதில்லை. லீவு நாளில் ஹாஸ்டலில் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், வராந்தா விளக்கைக்கூடத் தான்தான் போட வேண்டும் என்று ஒரு முறை சொன்னாள். போன வாரம், "மத்த தெருவெல்லாம் முடிஞ்சுது சார்" என்றாள். அவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

டீயைக் கொடுத்துவிட்டு உட்காரப் போனவர், காலில் இடறுகிறதே என்று அவள் பையைத் தூக்கி ஓரமாக வைத்தார். பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. இந்தக் காலத்துக் கேமராவெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தெருவில் தடதடவென்று சத்தம். பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். லாட்ஜ் வாசலில் ஒரு லாரியிலிருந்து இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா நடக்குது?"

"இடிக்கப் போறோம் சார்!" கீழேயிருந்து ஒருவன் கத்தினான். "காலையில மொட்டை மாடியிலேருந்து ஆரம்பிக்கறோம்."

சொன்னால் அவள் இப்போதே ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவிடுவாள். அத்தோடு எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் அந்தப் படம் இனிமேல் ஜென்மத்துக்கும் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"டீயைக் கீழே வை. எழுந்திரு, எழுந்திரு. கேமராவை எடுத்துக்கிட்டு அந்த லாட்ஜ் மாடிக்கு ஓடு."

"எதுக்கு சார்?"

"அந்தப் படத்தை எடுத்த இடம் அதுதான். இங்கேருந்து இல்ல. எனக்கு முதல் நாளே தெரியும். நிழல், வெளிச்சம் எல்லாம் சும்மா ரீல் விட்டேன். காலையில இடிச்சிடுவாங்க, போம்மா!"

அவள் எழுந்திருக்கவில்லை. டம்ளரைப் பார்த்தபடியே, "ஏன் சார் மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

சர்வேயர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மானம் என்ன, மரியாதை என்ன.

"படத்தை எடுத்துட்டா, அப்புறம் நீ எதுக்கும்மா இங்கே வரப்போறே?"

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எடுத்து ஒரு மாசம் ஆச்சு, சார்."