ரசிகர், நிலை இரண்டு

நாற்பதாண்டுக் கலைத் திட்டத்தின் பணி ஒதுக்கீட்டு ஆணை காலையில் வந்தது. குரல் தேர்வில் திருச்சி மண்டலத்திலேயே நான்தான் முதல். ஆணையிலோ, "வெ. தேன்மதி, ரசிகர், நிலை இரண்டு" என்று இருந்தது. இனி நாற்பது வருஷம் அரங்குகளில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். ரசிகர்கள் பாடுவதற்கு அனுமதி கிடையாது.

"ஏதோ தப்பு நடந்திருக்குப்பா. உங்க ஆபீஸ்தானே, கேட்டுச் சொல்லுங்க."

திட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தப்பில்லம்மா. நான்தான் மாத்தச் சொன்னேன். பாடகர்னா தொண்டை போன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரசிகர் போஸ்ட் பர்மனென்ட். இதுக்கு எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா?"

அம்மாவுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஆணை வருமுன்னே கேசரி கிளறி வைத்திருந்தாள்.

"பிடிக்கலேன்னாலும் கைதட்டணுமாப்பா?"

"தட்டித்தாம்மா ஆகணும். அதுதானே வேலை."

எழுந்து நின்று, அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினேன். "போதும்மா, போதும்" என்று அவர் கெஞ்சிய பிறகும் நிறுத்தவில்லை.