தாமதமான லேபிள்

பிரிண்டரிலிருந்து லேபிள் வரத் தாமதமானதால் பேக்கிங் லைன் நின்று நின்று ஓடியது.

"மாரிசெல்வி, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே," என்றார் சூப்பர்வைசர் வேல்ராஜ்.

"நான் உடனே பட்டனை அமுக்குதேன் சார். லேபிள்தான் வரமாட்டேங்கு."

கம்ப்யூட்டர் பிரிவு சாம்சன் சர்வரைப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஒரு சர்வருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி நாலு விர்ச்சுவல் மெஷின் ஓடுது சார். லேபிள் அனுப்புறது அதுல ஒண்ணு. இன்னொண்ணு மொத்த நெட்வொர்க்கையும் இழுத்துக்கினு கீது. நாலையும் நெட்வொர்க்கோட சேர்க்குற விர்ச்சுவல் சுவிட்ச்சுல அதுக்கு மட்டும் வேக வரம்பு போட்டுட்டேன்."

லேபிள்கள் மளமளவென்று வந்தன. மாரிசெல்வி அவற்றை எடுத்துப் பெட்டிகளில் ஒட்டத் தொடங்கினாள்.

"யார் கேட்டு வெச்ச மெஷின் அது?" வேல்ராஜ் சீறினார்.

"நீங்கதான் சார். இந்தப் பொண்ணு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க, போன வாரம் கேமரா மாட்டச் சொன்னீங்களே, அந்த வீடியோவைப் பதிவு பண்ற மெஷின்தான்."

வேல்ராஜ் மாரிசெல்வியின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு உனக்கு எந்த ஷிப்ட்டும்மா?"