ஐயாயிரத்து நானூறு மைல்

"இப்ப எந்த நாட்டுக்கு மேலை அண்ணை?"

"துருக்கி தாண்டியிருக்கும்," என்றார் வைத்திலிங்கம்.

மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து உலகப்படம் மேசையில் விரிந்து கிடந்தது. கொழும்பில் வைத்த சுட்டுவிரலை அவர் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்து வளவு அப்புத்துரை கொண்டுவந்த புட்டைத் தொடவே இல்லை.

"லண்டன் எவ்வளவு தூரம்?"

"ஐயாயிரத்து நானூறு மைல். நடுவிலை எண்ணெய் அடிக்கிற நேரத்தோடை பதின்மூண்டு மணித்தியாலம். விடிய நாலுக்கு வெளிக்கிட்ட பிளேன், பின்னேரம் அஞ்சுக்கு இறங்கும்."

"பரிமளம் அக்காவோடை கோவம் எண்டு சொன்னனீங்கள். எல்லாம் விசாரிச்சு வைச்சிருக்கிறியள்!"

"கோவந்தான்!" என்று வெடுக்கென்று சொன்னார்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு லண்டனுக்குப் போன மகன், அடுத்த வருடமே இரண்டு பேரையும் வந்து தன்னோடு இருக்கச் சொன்னான். புங்குடுதீவை விட்டு ஓரடியும் நகரமாட்டேன் என்றார் வைத்திலிங்கம். "அப்ப நான் தனியப் போறன்," என்றாள் மனைவி பரிமளம். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. முந்தாநாள் அவள் தம்பியோடு கொழும்புக்குப் புறப்பட்டபோது இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"பதின்மூண்டு மணித்தியாலம் வாய் மூடிக்கொண்டு இருக்கேலாது அவவுக்கு," என்றார் இப்போது. "பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரன் இருந்தால் என்னெண்டு கதைக்கிறது? குளிருக்குக் கால் வேறை விறைக்கும். சால்வை எடுத்தாவோ தெரியேல்லை."

"நீங்களும் போயிருக்கலாம் அண்ணை."

"வழியனுப்ப வாசல் படலையடிக்காவது போயிருக்கலாம்."

விரல் பிரான்சைக் கடந்தது. சுவர் மணிக்கூடு ஐந்து அடித்தது.

"இறங்கியிட்டா," என்று படத்தை மடித்தார் வைத்திலிங்கம். "மகன் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பான். இனி அங்கைதான்." தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

ஒழுங்கையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. படலை திறந்தது. தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, முன்னால் வந்தாள் பரிமளம்.

வைத்திலிங்கம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பிளேன்... பிளேன் போகேல்லையோ?"

"அது நேரத்துக்குப் போயிட்டுது. நான்தான் ஏறேல்லை."

அவர் விரல் அவளைக் கடல் கடலாகத் தாண்டவைத்த அந்தப் பகல் முழுவதும், அவள் யாழ்தேவி ரயிலில் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று அவரை நெருங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிள்ளைக்குத் தந்தி அடிச்சிட்டன்," என்றாள் பரிமளம். "அவ்வளவு தூரத்திலை இருந்துகொண்டு உங்களோடை கோவம் போட எனக்கு ஏலாதப்பா!"