கனகராஜ் போடும் சோறு

விழுப்புரத்தில் வக்கீல்களுக்கு நடந்த திவால் சட்ட வகுப்பு முடிந்த சூட்டோடு, இளம் வக்கீல் துரைராஜ் செஞ்சி சப்-ஜெயிலுக்கு ஓடினான். படித்ததைப் பரீட்சித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? கடனுக்காக உள்ளே கிடந்த பெரியவர் கந்தசாமி அகப்பட்டார்.

"திவால் மனுவுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சீக்கிரமே வெளிய வந்துடலாம். ஃபீஸ்கூட வேணாம்."

"வேணாம் வக்கீலய்யா. நான் இங்கியே இருக்கறேன்."

"உங்களை உள்ள தள்ளின மளிகைக்கடை கனகராஜுக்குப் பயப்படறீங்களா?"

"பயம் இன்னா பயம்! இங்க என் சாப்பாட்டுக் காசை யாரு கட்றது?"

"அவருதான். ஜெயிலுக்கு அனுப்பினவர் கட்டணும்னு சட்டம். கட்டலைன்னா உங்களை விட்டுருவாங்க."

"அதான் வீம்புக்குத் தவறாம கட்றான். வெளிய இருந்தப்போ அவன் வாசல்ல பசியோட நின்னேன். ஒரு வாய் சோறு போடலை."

துரைராஜுக்கு எரிச்சல் வந்தது. "கடன் குடுத்தவர் உங்களுக்கு எதுக்குச் சோறு போடணும்?"

பெரியவர் எதிரே இருந்த ஜெயில் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் பெத்த புள்ளய்யா அவன்."