பெருசு கேட்ட புருஷன்

"இதவிடப் பெருசு இல்லயா டாக்டர்?"

கேட்டது புருஷன். மார்புல வைக்கப் போறது பொண்டாட்டிக்கு. அவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு கைப்பை ஜிப்பத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தாங்க.

டேபிள் மேல மூணு அளவுல ஜெல் பை, சாம்பிளுக்கு. சின்னது, நடுவுலது, பெருசு. ஆபரேஷனுக்கு முன்னாடி பிராவுக்குள்ள வச்சு, மேல ஒரு டீ-ஷர்ட்டப் போட்டு, எது நல்லா இருக்குன்னு கண்ணாடியில பாக்கறதுக்கு. நம்ம ஆள் பெருச எடுத்து, பூசணிக்கா வாங்க வந்தவர் மாதிரி உள்ளங்கையில எடை போட்டுக்கிட்டு இருந்தார்.

"சார், அதக் கீழ வைங்க. நான் உங்க மனைவிகிட்ட பேசலாமா?"

"அவளுக்கும் சேத்துதான் டாக்டர் நான் பேசறேன்."

ஓரமா நின்ன நர்ஸுக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு.

அவர் டைல்ஸ் ஒட்டறவர். அவங்க ஸ்கூல் டீச்சர். ரெண்டு பசங்களுக்குப் பால் குடுத்ததுல மார்பு வத்திப் போச்சுன்னு வந்திருக்காங்க.

டாக்டரம்மா டீச்சரப் பாத்தாங்க. "சாக்ஸ்ல அரிசியப் போட்டுக் கட்டி, உள்ள வச்சுக்கிட்டு வீட்ல நடமாடச் சொன்னேனேம்மா, கனம் தாங்குதான்னு. செஞ்சு பாத்தீங்களா?"

"பாத்தாச்சு டாக்டர்," புருஷன். "கனமே தெரியல."

"அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நான்தான வச்சுப் பாத்தேன். பசங்க சுத்திக்கிட்டே இருக்கானுங்க, இவ மாட்டேன்னுட்டா."

நர்ஸ் இருமற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

டாக்டரம்மாவுக்கு சிரிப்பும் வரல, கோவமும் முழுசா வரல. "சார், இருக்கற செவுத்தவிடப் பெரிய டைல்ஸ ஒட்டச் சொன்னா ஒட்டுவீங்களா?"

"வெட்டி ஒட்டுவேன்."

"வெட்டாம?"

"ஓரத்துல தூக்கிக்கும்."

"தோலும் அப்படித்தான். உள்ள எவ்வளவு இடமோ அவ்வளவுதான் ஒழுங்கா உக்காரும். மீறி வச்சா தோல் இழுபடும், நாளாக நாளாக எறங்கும், முதுகு வலிக்கும். எத வச்சாலும் ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது, பின்னாடி மாத்த வேண்டி வரலாம். ரெண்டு பக்கமும் அச்சுல வாத்த மாதிரியும் இருக்காது. இவ்வளவும் தெரிஞ்சுதான் முடிவு பண்ணணும்."

அவர் நல்லா யோசிச்சார். "சரி டாக்டர். அப்ப பெருசுலயே கொஞ்சம் சின்னதா?"

டாக்டரம்மா பேனாவ மூடினாங்க. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."

அந்த ரூமுக்கு செவுருன்னு பேரு, இருந்தது வெறும் பலகை. வெளிய காத்திருந்தவங்களுக்கு எல்லாமே தெளிவா கேட்டிருந்துச்சு. அவர் வந்து உக்காந்ததும் பக்கத்து சீட்டு அம்மா, ஒட்டுவாரொட்டி வியாதிக்காரனப் பாத்த மாதிரி ரெண்டு சீட்டு தள்ளிப் போனாங்க.

பின்னாடியே நர்ஸ் வந்தாங்க. "ஏன் சார், உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு சிஸ்டர். காதெல்லாம் சுடுது."

"கத்தி படப்போறது யார் மேல?"

"அவ மேல."

"வலிக்கப்போறது?"

"அவளுக்கு."

"உங்களுக்கு என்ன போச்சு, இல்ல?"

"எனக்கு இப்பவே வலிக்குது சிஸ்டர்."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, இதே மாதிரி," தள்ளி உக்காந்த அம்மா பொதுவா மேல ஓடின ஃபேன்கிட்ட சொன்னாங்க.

அவர் மூடின கதவையே பாத்துக்கிட்டு இருந்தார். பொண்ண பரீட்சை ஹாலுக்குள்ள அனுப்பிட்டு வாசல்ல நிக்கற அப்பன் மூஞ்சி.

"சிஸ்டர், உள்ள அவ வாயத் திறந்து பேசறாளா?"

"பேசத்தான் உங்களத் தொரத்தினோம்."

"அவளாவா?"

"பின்ன? நீங்க ஜன்னல் வழியா சொல்லிக் குடுக்கப் போறீங்களா?"

"கேட்டுருவா இல்ல?"

"எத? உங்க சைஸையா? நல்ல ஆள் சார் நீங்க."

அவர் கர்ச்சீப்ப எடுத்துக் கழுத்தத் தொடச்சுக்கிட்டார்.

உள்ள குசுகுசுன்னு ஏதோ. அப்புறம் டாக்டரம்மா சிரிக்கற சத்தம். கூடவே டீச்சர் சிரிக்கற சத்தம்.

கதவு திறந்துச்சு. டீச்சர் க்ளினிக் டீ-ஷர்ட்ல வெளிய வந்தாங்க. உள்ள சாம்பிள். வராண்டா கடைசி வரைக்கும் நடந்தாங்க. போர்டுல உச்சியில எழுதற மாதிரி கையத் தூக்கினாங்க. கீழ விழுந்த சாக்பீஸ எடுக்கற மாதிரி குனிஞ்சாங்க. திரும்பி வரும்போது வந்தப்ப இருந்த கூன் இல்ல.

"நடுவுலது," டாக்டரம்மா சொன்னாங்க. "இவங்க உடம்புக்கு இதுதான் எல்லை. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு, கண்ணாடி பாத்து, இவங்களே எடுத்த முடிவு."

டைல்ஸ்காரர் எழுந்தார். பொண்டாட்டி மூஞ்சிய ஒரு தடவ பாத்தார். தொண்டையச் செருமிக்கிட்டார்.

"இல்ல டாக்டர், நான் என்ன சொல்றேன்னா, பெருசாவே..."

நர்ஸ் வாயத் திறக்கறதுக்குள்ள டீச்சர் முந்திக்கிட்டாங்க. கடைசி பெஞ்சுக்கும் கேக்கற குரல்ல.

"எனக்காக நீங்க திட்டு வாங்கினது போதும், உக்காருங்க. வெக்கப்பட்டுக்கிட்டு உங்களக் கேக்க விட்டேன், பெருசுக்கு ஆசப்பட்டது நான்தான்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன்."